அத்தானுக்கு முன்னால் இரண்டு கிளாஸ்

ஹவுன்ஸ்லோ,
02.12.2024

அன்புள்ள பியற்றிஸ் அக்காவுக்கு,

தம்பி கிறிஸ்துராஜா எழுதிக்கொள்வது. ஆண்டவர் புண்ணியத்தில் நானும் றஜீனாவும் மகன் கிருசாந்தனும் சுகம். நீங்கள் சுகமாக இருப்பது படத்தைப் பார்த்தாலே தெரிகிறது.

வெள்ளிக்கிழமை நான் பேசிக்கொண்டிருக்கும்போதே போனை வைத்தீர்கள். அதற்குப் பிறகு என் நம்பரையே தடுத்துவிட்டீர்கள். ஆறு தரம் எடுத்துப் பார்த்துவிட்டுத்தான், நீங்கள் ஜேர்மனியில் இருந்த காலத்துக்குப் பிறகு முதல் தடவையாக உங்களுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். இதையாவது பாதியில் வைக்காமல் வாசியுங்கள்.

அக்கா, அது என்ன கோலம்? வால்தம்ஸ்டோவில் ஒரு பப். சுவரில் ஒரு பலகை. குளிர்காலப் பியர் பன்னிரண்டையும் குடித்து முடித்தவர்கள் என்று தலைப்புப் போட்டு, ஆறாவதாக உங்கள் முழுப் பெயர். அதற்குக் கீழே நீங்கள், கோவிலுக்குப் போடுகிற அதே நாவல் நிறக் கோட்டைப் போட்டுக்கொண்டு, கையில் கறுப்புப் பியரோடு பல் முழுதும் தெரியச் சிரிக்கிறீர்கள். பப்காரர்கள் போட்ட படத்தை யாரோ உங்கள் பங்குக் கோவில் மாதர் குழுவின் வாட்ஸ்அப்பில் போட்டு, அது லண்டனைச் சுற்றி என்னிடம் வந்தபோது நான் விமான நிலையத்தில் ஷிப்டில் நின்றேன். காட்டினது என்னோடு வேலை செய்கிற ஷங்கர். "அண்ணை, இது உங்கட அக்கா எல்லே?" என்று கேட்டான். "இல்லை" என்று சொன்னேன். சொந்த அக்காவை இல்லையென்று சொல்ல வைத்துவிட்டீர்கள்.

அறுபத்திரண்டு வயது. கணவன் போய் ஐந்து வருடம் ஆகப்போகிறது. பள்ளிக்கூடச் சமையலறையில் மரியாதையாக வேலை செய்கிறீர்கள். உங்களுக்கு என்ன குறை என்று இந்த வேலை?

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஜனவரி 18இல் கிருசாந்தனின் கலியாணம். கோவிலில் எங்கள் பக்கத்துச் சாட்சியாக நீங்கள்தான் கையெழுத்துப் போடுவது என்று பேசியிருந்தோம். பெண் வீட்டார் கட்டுப்பாடான ஆட்கள். மணப்பெண் றொஷானியின் தாய் படத்தைப் பார்த்தாவோ இல்லையோ தெரியாது, பார்த்திருந்தால் நான் எந்த முகத்தோடு அவவுக்கு முன்னால் நிற்பது? ஆகவே இரண்டு காரியம் செய்யுங்கள். அந்தப் பலகையில் உங்கள் பெயரை அழிக்கச் சொல்லுங்கள். கையெழுத்தை றஜீனாவின் தங்கை போடட்டும். நீங்கள் வாருங்கள், முன் வரிசையில் இருங்கள், சாப்பிடுங்கள். பேச்சு அடங்கும்வரைக்கும்தான்.

கோபத்தில் எழுதவில்லை, கவலையில் எழுதுகிறேன்.

அன்புத் தம்பி,
கிறிஸ்துராஜா


வால்தம்ஸ்டோ,
05.12.2024

அன்புத் தம்பி கிறிஸ்துராஜாவுக்கு,

அக்கா எழுதுவது. உன் கடிதத்தை முழுதாக இரண்டு தரம் வாசித்தேன். இரண்டாம் தரம் வாசித்து முடிக்கும்போது தேநீர் ஆறிவிட்டது. அதற்கும் சேர்த்து உன்மேல் கோபமாக இருக்கிறேன்.

பன்னிரண்டு என்றதும் ஒரே இருப்பில் குடித்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன் என்று நினைத்தாயா? ஒவ்வொன்றும் அரைப் பைன்ட். நவம்பர் முழுதும், கிழமைக்கு மூன்று நாள், வேலை முடிந்து நாலு மணிக்கு. என்னோடு சமையலறையில் நிற்கிற ஐரிஷ் மனுசியும் கூட வருவா. ஒவ்வொரு பியருக்கும் ஒரு அட்டையில் முத்திரை குத்துவார்கள். பன்னிரண்டு முத்திரையும் விழுந்தால் பலகையில் பெயர். இவ்வளவுதான் நான் செய்த குற்றம்.

கேட்கிறாயே என்ன குறை என்று. குறை இருப்பவர்கள் மட்டும்தான் பியர் குடிப்பார்கள் என்று யார் உனக்குச் சொன்னது? எனக்கு அதன் ருசி பிடிக்கும். வெய்யில் காலத்துப் பியரை எனக்குக் கண்ணில் காட்டக் கூடாது, வெறும் குளிர்ந்த தண்ணீர். நவம்பர் பிறந்ததும் வருகிறது பார், அதுதான் பியர். ஓட்ஸ் போட்டுக் காய்ச்சிய ஒன்று, கறுப்பென்றால் அப்படிக் கறுப்பு, வாயில் வழுவழுவென்று நிற்கும். தோடம்பழத் தோலும் கறுவாவும் கராம்பும் போட்ட ஒன்று, எங்கள் நத்தார் கேக்கைக் கரைத்துக் குடிக்கிற மாதிரி. புகை போட்ட பியர் ஒன்று இருக்கிறது, முதல் வாயில் கருவாடு சுடுகிற வாசம் வந்தது, வைத்துவிட்டேன், பிறகு முழுதையும் குடித்தேன். இவை ஒன்றுக்கும் ஐஸ் இல்லை. வெளியில் மழை, உள்ளே கணப்பு, காலில் சப்பாத்துக் காய்கிறது. இரண்டு பெண்பிள்ளைகள் சத்தமில்லாமல் அரை மணித்தியாலம் குந்தியிருந்து ருசி பார்க்கிறோம். இதில் யாருடைய மானம் போகிறது?

மானத்தைப் பற்றி நீ பேசுகிறாய். கிருசாந்தனின் நிச்சயதார்த்தத்தன்று ஹோலுக்குப் பின்னால் கார்பார்க்கில் என்ன நடந்தது? நாலு கார் டிக்கியைத் திறந்துவைத்துக்கொண்டு, பிளாஸ்டிக் கோப்பையில் விஸ்கியை ஊற்றி, ஆளுக்காள் கட்டிப்பிடித்து அழுதீர்கள். உன் கோட்டில் கொட்டின விஸ்கியை ஈரச்சீலையால் துடைத்தது நான்தான். அதை யாரும் படமெடுத்து மாதர் குழுவில் போடவில்லை. போட்டிருந்தாலும் உன்னைக் கலியாணத்துக்குக் கையெழுத்துப் போட வேண்டாம் என்று ஒருவரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

பெயரை அழிக்கச் சொல்ல மாட்டேன். கையெழுத்தும் நான்தான் போடுவேன். அல்லது கலியாணத்துக்கே வரமாட்டேன். எது நல்லது என்று நீயே யோசி.

றஜீனாவுக்கு என் அன்பைச் சொல். இருமல் மாறிவிட்டதா?

அக்கா,
பியற்றிஸ்


ஹவுன்ஸ்லோ,
09.12.2024

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. றஜீனாவுக்கு இருமல் மாறிவிட்டது. எனக்குத்தான் நெஞ்செரிவு தொடங்கியிருக்கிறது.

நீங்கள் ருசியென்றும் கராம்பென்றும் எழுதினதைப் படித்து எனக்கு வந்தது சிரிப்பில்லை அக்கா, பயம். இந்தக் கதையை நான் முதல் தரமாகக் கேட்கவில்லை. அத்தானும் இப்படித்தான் சொல்லுவார். "மச்சான், இது விண்டருக்கு மட்டும் வாற சாமான், குடியில்லை" என்பார். அதைச் சொல்லிச் சொல்லியே அந்த மனுசன் முப்பது வருடம் குடித்தார்.

நான் மறந்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். 91இல் நான் ஜேர்மனியில், டோர்ட்மண்டில் வந்து இறங்கிய அன்று, உங்கள் வீட்டுக் கதவைத் திறந்ததும் நான் கண்டது என்ன? மேசையில் அத்தான், அவருக்கு முன்னால் இரண்டு கிளாஸ். ஒன்று பாதி குடித்தது, மற்றது நிரம்பியது. ஒன்று முடியமுதலே மற்றதை ஊற்றி வைத்திருக்கிறார். நீங்கள் பக்கத்தில் கைகட்டிக்கொண்டு நின்றீர்கள். அதற்குப் பிறகு எத்தனை குளிர்காலம் உங்கள் வீட்டுக்கு வந்திருப்பேன்? லண்டனுக்கு நீங்கள் வந்த பிறகும் அதே காட்சி. எப்போதும் இரண்டு கிளாஸ். எங்கள் அக்காவை ஒரு குடிகாரனிடம் கொடுத்துவிட்டோமே என்று நான் எத்தனை நாள் வெந்திருப்பேன்.

அதனால்தான் கிருசாந்தனின் ஞானஸ்நானத்துக்கு அத்தானை ஞானத்தந்தையாக வைக்க நான் சம்மதிக்கவில்லை. நீங்கள் அப்போது அழுதீர்கள். ஆனாலும் என் பிள்ளைக்கு ஒரு குடிகாரன் ஞானத்தந்தையாக இருக்கக் கூடாது என்று நின்றேன். இன்றைக்கும் அது சரி என்றுதான் நினைக்கிறேன். கடைசியில் அந்தக் குடிதான் அவரைக் கொண்டுபோனது.

அவரோடு பட்டது உங்களுக்குப் போதாதா? அவர் விட்டுப்போன பழக்கத்தை நீங்கள் ஏன் தூக்கிப் பிடிக்கிறீர்கள்? தனிமை என்றால் இங்கே எங்களோடு வந்து இருங்கள். மேல் அறை சும்மாதான் கிடக்கிறது.

தயவுசெய்து அந்தப் பெயரை அழியுங்கள்.

அன்புத் தம்பி,
கிறிஸ்துராஜா


வால்தம்ஸ்டோ,
13.12.2024

கிறிஸ்துராஜாவுக்கு,

இதை எழுத நாலு நாள் எடுத்தது. மூன்று தரம் கிழித்துப் போட்டேன். இதையும் ஆத்திரத்தோடுதான் எழுதுகிறேன்.

நீ மேசையில் இரண்டு கிளாஸைக் கண்டாய். அந்த வீட்டில் எத்தனை பேர் இருந்தோம் என்று எண்ணிப் பார்த்தாயா? ஜெராட்டும் நானும். இரண்டு பேர். இரண்டாவது கிளாஸ் என்னுடையது.

88இல் டோர்ட்மண்டில் ஒரு சாப்பாட்டுக் கடையில் தரை துடைக்கப் போனேனே, உனக்குக் கடிதத்தில் எழுதினது ஞாபகம் இருக்கிறதா? நத்தாருக்கு முதல் கிழமை அந்தக் கடைக்காரி, பெரிய உடம்பு, பெரிய மனசு, வேலை முடிந்ததும் என்னைப் பிடித்து இருத்தி ஒரு சின்னக் கிளாஸில் கறுப்புப் பொக் பியர் தந்தாள். குளிர்காலத்துக்கென்று காய்ச்சுவது. நான் பயந்து பயந்து குடித்தேன். கைகால் விறைத்துப்போய் இருந்த எனக்கு முதல் தடவையாக அந்த நாட்டில் உடம்பு சூடானது. வீட்டுக்கு வந்து ஜெராட்டிடம் சொன்னேன், அடிப்பாரோ ஏசுவாரோ என்று தெரியாமல். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அடுத்த நாள் இரண்டு போத்தல் வாங்கி வந்தார். ஒன்று தனக்கு, ஒன்று எனக்கு. அன்றிலிருந்து குளிர்காலத்தில், சனிக்கிழமைகளில், ஆளுக்கொரு கிளாஸ். அதற்கு மேல் அவர் ஒரு நாளும் ஊற்றியதில்லை. என்னைவிட அவருக்குத்தான் வெறி கெதியில் ஏறும்.

நீ வந்த அன்று கதவு தட்டின சத்தம் கேட்டது. தம்பி வந்துவிட்டான் என்ற சந்தோசத்தில் எழும்பினேன். எழும்பின கையோடு என் கிளாஸை அவருக்கு முன்னால் தள்ளிவிட்டேன். யோசித்துச் செய்யவில்லை. கை தானாகச் செய்தது. நீ உள்ளே வந்தாய், அதைப் பார்த்தாய், உன் முகம் மாறியது. நான் வாயைத் திறக்கமுதல் ஜெராட் அந்தக் கிளாஸையும் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு, "வா மச்சான், இரு" என்றார்.

அவ்வளவுதான். பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. யார் மணி அடித்தாலும் என் கிளாஸ் அவரிடம் போய்விடும். நீ கதைத்துக்கொண்டு இரண்டு மணித்தியாலம் இருந்தால், அவர் பாவம், எனக்கு ஊற்றினதையும் தானே குடிக்க வேண்டும். நான் எதிரில் நின்று என் பியர் குறைவதைப் பார்த்துக்கொண்டு உனக்குக் கோப்பி ஊற்றுவேன். நீ போனதும் சண்டை பிடிப்போம். "இனி நானே சொல்லிப்போடுறன்" என்பேன். "விடும், என்னை ஏசினால் என்ன, ஆம்பிளை எண்டு ஒரு கிழமையில மறந்துபோவினம். உம்மை ஏசினால் காலத்துக்கும் விடாயினம்" என்பார்.

நீ மறக்கவில்லை. கிருசாந்தனுக்கு ஞானத்தந்தையாக வேண்டாம் என்றாய். அவர் அதற்காகக் கோட்டு வாங்கி வைத்திருந்தார், தெரியுமா உனக்கு? நான் அன்றைக்கு அழுதது உன் பிடிவாதத்துக்காக இல்லை. வாயைத் திறக்க ஏலாத என் கோழைத்தனத்துக்காக.

செத்தவீட்டில் நாற்பது பேருக்கு முன்னால் நீ சொன்னாய், "குடிதான் மனுசனைத் திண்டு முடிச்சது" என்று. அவருக்கு வந்தது இரத்தப் புற்றுநோய். டொக்டர் உனக்கும்தான் விளங்கப்படுத்தினார். ஆனால் நீ அந்த இரண்டு கிளாஸையும் மனதில் வைத்துக்கொண்டு சொன்னாய், கேட்டவர்கள் தலையாட்டினார்கள். நான் கோப்பித் தட்டைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றேன். அப்போதும் சொல்லவில்லை. அதை நினைத்தால் எனக்கு என் முகத்தைக் கண்ணாடியில் பார்க்கப் பிடிக்கவில்லை. உன்மேல் எவ்வளவு கோபமோ அதில் ஒரு பங்குகூடக் குறையாமல் என்மேலும் கோபம்.

இப்போது விளங்கியதா அந்தப் பலகை எனக்கு என்னவென்று? என் வாழ்க்கையில் முதல் தடவையாக நான் குடித்தது என் பெயரில் இருக்கிறது. அதையா அழிக்கச் சொல்கிறாய்?

செத்தவீட்டில் சொன்னதை அந்த ஆட்களுக்கு முன்னால் நீயே பிழையென்று சொல். சொன்னால் கலியாணத்துக்கு வருகிறேன். சொல்லாவிட்டால் மேல் அறையும் வேண்டாம், முன் வரிசையும் வேண்டாம்.

பியற்றிஸ்


ஹவுன்ஸ்லோ,
03.01.2025

அன்புள்ள அக்காவுக்கு,

மூன்று கிழமையாகப் பதில் எழுதவில்லை. நத்தாருக்கும் வரவில்லை. முதலில் நீங்கள் பொய் சொல்லுகிறீர்கள் என்று நினைத்தேன். செத்துப்போன புருசனைக் காப்பாற்றுகிறீர்கள் என்று றஜீனாவிடம் சொன்னேன். அவ கடிதத்தை வாசித்துவிட்டு, "ஒரு பொம்பிளை இதில பொய் சொல்லுவாளெண்டால் இப்பிடியே சொல்லுவாள்? மற்றப் பக்கமாய், தான் குடிக்கேல்லை எண்டெல்லோ சொல்லுவாள்" என்றா.

புதுவருடத்தன்று வழக்கம்போல எங்கள் வீட்டில் ஆட்கள். செத்தவீட்டுக்கு வந்த பாதிப் பேராவது இருந்தார்கள். மேசையில் விஸ்கி. யாரோ பகிடியாக, "ஜெராட் இருந்திருந்தால் இந்நேரம் ரெண்டு போத்தல் காலி" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். வருடாவருடம் நடப்பதுதான், அதைத் தொடக்கிவைத்ததே நான்தான்.

நான் எழும்பி நின்றேன். எப்படிச் சொல்வது என்று யோசித்து வைத்திருந்தது எல்லாம் மறந்துபோனது. "அந்த மனுசன் குடிகாரன் இல்லை. மற்றக் கிளாஸ் அக்காவின்ரை. நான் பிழையாச் சொல்லிப்போட்டன், அதுவும் அவற்றை பிரேதத்துக்குப் பக்கத்தில நிண்டு சொல்லிப்போட்டன்" என்றேன். ஒருவரும் சிரிக்கவில்லை. ஒருவரும் கிளாஸைத் தொடவும் இல்லை.

அப்போது கிருசாந்தன் சொன்னான், "அப்பா, எனக்கு அது முதலே தெரியும்."

அவன் வால்தம்ஸ்டோவில் உங்கள் வீட்டில் இருந்து படித்தானே ஒரு வருடம். ஒரு சனிக்கிழமை வகுப்பு இல்லையென்று வெள்ளன வந்திருக்கிறான். குசினிக் கதவால் பார்த்தால் மாமியும் மாமாவும் ஆளுக்கொரு கிளாஸ் வைத்துக்கொண்டு சிரித்துக் கதைக்கிறீர்கள். சத்தம் போடாமல் வெளியே போய்விட்டான். அத்தான் அவனைக் கண்டுவிட்டார். பின்னாலேயே பஸ் தரிப்புவரை வந்து அவனிடம் கேட்டாராம், "தம்பி, இதை அப்பாவுக்குச் சொல்லிப்போடாதையும். மாமியை ஒருத்தரும் ஒரு சொல்லுச் சொல்லக் கூடாது" என்று. பிறகு செத்தவீட்டில் நான் சொன்னதைக் கேட்டு, எனக்கு உண்மையைச் சொல்ல வந்திருக்கிறான். நான் அப்போது அத்தானைப் பற்றிக் கத்திக்கொண்டு நின்றதால் திரும்பிப் போய்விட்டானாம். மாமாவுக்குக் கொடுத்த வாக்கை மீறவும் அவனுக்கு மனம் வரவில்லை.

அக்கா, எனக்கும் உங்கள்மேல் கோபம் இருக்கிறது. அதை மறைக்க மாட்டேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். என்னை முப்பது வருடம் ஒரு நல்ல மனுசனை வெறுக்க வைத்தீர்கள். ஏசியிருப்பேன், ஒரு வருடம் கதைக்காமலும் இருந்திருப்பேன். அதற்குப் பிறகு சரிவந்திருக்கும். இப்போது நான் யாரிடம் போய்ச் சரிக்கட்டுவது? அவரைப் புதைத்த இடத்துக்கு நான் ஒரு நாள்கூடத் திரும்பிப் போகவில்லை.

கையெழுத்து நீங்கள்தான். நான் சொல்லவில்லை, கிருசாந்தன் சொல்லிவிட்டான். "மாமி போடாட்டில் நானும் போடேல்லை" என்கிறான். பத்தரைக்குப் பூசை.

என் நம்பரைத் திறந்துவிடுங்கள். எழுதி எழுதிக் கை நோகிறது.

உங்கள் தம்பி,
கிறிஸ்துராஜா


வால்தம்ஸ்டோ,
06.01.2025

அன்புத் தம்பிக்கு,

கடிதம் இன்று காலை வந்தது. வேலைக்குப் போகமுதல் படியில் குந்தியிருந்து வாசித்தேன். இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டேன்.

எழும்பி நின்று சொன்னாயே, அதற்குச் சந்தோசம். உன் கோபமும் நியாயம்தான். அதை நான் வாங்கிக்கொள்கிறேன், வைத்திரு. என் கோபமும் இன்னும் முடியவில்லை. இரண்டு பேரும் கோபமாகவே கலியாணத்துக்குப் போவோம். பத்து மணிக்கே கோவிலில் நிற்பேன், அந்த நாவல் நிறக் கோட்டோடுதான்.

ஆனால் பஸ் தரிப்புக் கதை எனக்குத் தெரியாது. ஜெராட் அதை எனக்குச் சொல்லவே இல்லை. அந்த நாளாகத்தான் இருக்க வேண்டும், "பால் வாங்கப் போறன்" என்று கிளாஸை வைத்துவிட்டு எழும்பினார். திரும்பி வந்து மிச்சத்தையும் குடித்தார், சிரித்தார், பாலைக் குளிர்பெட்டிக்குள் வைத்தார். பிள்ளையிடம் கெஞ்சிவிட்டு வந்திருக்கிறார் மனுசன். நான் முப்பத்தைந்து வருடம் அந்த ஆளோடு இருந்தவள். என்னிடமும் மறைத்திருக்கிறார் என்று இன்று காலையில்தான் தெரியவந்தது. எனக்கு இப்போது உன்மேல் உள்ள கோபமெல்லாம் அவர்மேல் திரும்பியிருக்கிறது.

நம்பரைத் திறந்துவிட்டேன். ஆனால் போனில் கதைக்க இது விஷயமில்லை. வரும் சனிக்கிழமை பதினொரு மணிக்கு ஜெராட்டின் கல்லறைக்குப் போகிறேன், ஏசுவதற்கு. நீயும் வா. மன்னிப்புக் கேட்கத்தான் வருவாய், தெரியும். அவசரப்படாமல் தள்ளி நில். முதலில் நான் ஏசி முடிக்க வேண்டும்.

உன் அக்கா,
பியற்றிஸ்